மார்கழி டிப்ஸாம், மண்ணாங்கட்டி!

தீபாவளி முடிஞ்சா போதும், நம்ம பதிவர்கள்ல நாலு பேருக்காவது கை அரிக்க ஆரம்பிச்சிடும். "டிசம்பர் சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சில யோசனைகள்"னு ஒரு பதிவு. தண்ணியைக் காய்ச்சிக் குடி, வெட்டி வெச்ச பழம் சாப்பிடாதே, கொசுவத்தி வாங்கிக்கோ, ஆட்டோக்காரர்கிட்ட ஏமாறாதே, லோக்கல் ட்ரெயின் பக்கமே போகாதே. கடைசியில எந்த சபா கேன்டீன்ல கீரை வடை நல்லா இருக்கும்னு ஒரு பத்தி. வருஷா வருஷம் இதே பல்லவிதான், அனுபல்லவிகூட மாறாது.

தண்ணி விஷயம் சரி. கொசுவும் சரி, சிட்லபாக்கத்துக்காரன் கொசுவைப் பத்தி மறுத்துப் பேச முடியாது :-) என் சண்டை வேற. இதைப் படிச்சிட்டு வர்றவங்க நம்ம ஊர் மனுஷங்களைப் பார்த்துப் பயப்படக் கத்துக்கிட்டு வர்றாங்க. நிஜமாவே பயப்பட வேண்டியதைப் பத்தி ஒரு வரிகூட அதுல இல்லை.

அது மழை சார், மழை.

கொஞ்சம் தேதிகளைப் பாருங்க. 2015 டிசம்பர் 1 ராத்திரி மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடினாங்க. பயணிகள் விமானம் திரும்பப் பறக்க 6-ஆம் தேதி ஆச்சு. நடுவுல அரக்கோணம் கடற்படைத் தளத்துலேர்ந்து விமானம் விட்டாங்க. அங்க எப்படிப் போய்ச் சேர்றது? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி, ரயிலும் ஓடலை. 2016 டிசம்பர் 12, வர்தா. மறுபடியும் மூடல். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம். அன்னிக்குக் காலையில மூடினது, மறுநாள் காலையிலதான் திறந்தாங்க. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். அன்னிக்கும் மூடல்.

நாலுமே நவம்பர் 30-லேர்ந்து டிசம்பர் 12-க்குள்ள. மியூசிக் அகாடமி கச்சேரிகள் ஆரம்பிக்கிறதே டிசம்பர் 15-க்குத்தான். ஆனா நம்ம ஆலோசகர்கள் என்ன எழுதறாங்க? "டிசம்பர் பாதிக்கு மேல டிக்கெட் விலை ஏறிடும், முதல் வாரமே வந்துடுங்க!" காசை மிச்சம் பண்றேன்னு ஆளை நேரா புயலுக்குள்ள இறக்கி விடறது. அந்த விமான நிலையத்தோட ரெண்டாவது ஓடுபாதை அடையாறு ஆத்து மேல பாலம் போட்டுக் கட்டினது. செம்பரம்பாக்கம் திறந்தா அந்த ஆத்துலதான் தண்ணி வரும். வர்றவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

"போன வருஷம் நாங்க வந்தப்போ வெயில்தான் அடிச்சுது"ன்னு யாராவது சொல்வீங்க. அடிச்சிருக்கும். வருஷா வருஷம் வராதுங்கறதுதான் இதுல ஆபத்தே. 13-க்கு அப்புறம் புயலே கிடையாதுன்னு நானும் எழுதிக் கொடுக்கலை. தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஆனா முதல் வாரம் வந்தே ஆகணும்னா கையில ரெண்டு நாள் உபரியா வெச்சுக்கச் சொல்லுங்க. பயணக் காப்பீட்டைச் சீக்கிரமே எடுக்கச் சொல்லுங்க. புயலுக்குப் பேர் வெச்சதுக்கு அப்புறம் வாங்கற பாலிசி பொதுவா அந்தப் புயலுக்கு உதவாது.

இப்போ அந்த லோக்கல் ட்ரெயின் சமாச்சாரம். என் அண்ணன் பையன் டொரான்டோவுலேர்ந்து வந்தான். மத்தியானம் இறங்கி, ஒரே ஒரு முதுகுப் பையோட, குரோம்பேட்டைக்குக் கார் பிடிச்சு வந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர முக்கால் மணி நேரம். ஏண்டான்னு கேட்டா, "லோக்கல் ட்ரெயின் சேஃப் இல்லைன்னு படிச்சேன் சித்தப்பா"ங்கறான். திரிசூலம் ஸ்டேஷன் விமான நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கு. பல்லாவரம், அடுத்தது குரோம்பேட்டை. ரெண்டே ஸ்டாப். டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் நோட்டு ஒண்ணு போதும்.

அதே வண்டியில மறுபக்கம் போனா மாம்பலம். இறங்கினா தி.நகர் சபாக்கள் பக்கத்துலயே இருக்கு. மியூசிக் அகாடமிக்குன்னா மெட்ரோவுல தேனாம்பேட்டையோ டி.எம்.எஸ்.ஸோ இறங்கி, அங்கேருந்து ஒரு ஆட்டோ. மயிலாப்பூர்லதான் ரூம் போடணும்னு யார் விதிச்சது? சீசன்ல அங்க வாடகை கேட்டா மயக்கம் வரும். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம்னு ரயில் பாதை ஓரமா தங்கலாம். பகல் கச்சேரிகள் நிறைய இலவசம், முழு நாளும் கேட்டுட்டு ராத்திரி வண்டியில திரும்பலாம்.

எல்லா நேரத்துக்கும் ரயில்னு நான் சொல்ல வரலை. வெளிநாட்டு விமானம் பாதி நடுராத்திரியிலதான் வந்து இறங்குது, அப்போ ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. ரெண்டு பெரிய பெட்டி, கூட வயசான அம்மான்னா டாக்ஸிதான். காலை எட்டு, ஒன்பது மணிக்கு பீச் போற வண்டியில ஏறச் சொல்றதும் பாவம். இதை இதை எந்த நேரத்துக்குன்னு பிரிச்சுச் சொல்றதுக்குப் பேர்தான் யோசனை. "போகாதே"ன்னு ஒத்தை வார்த்தையில எழுதிட்டுப் போறது சோம்பேறித்தனம்.

சில்லறை நோட்டு பத்தியும் எவனும் எழுத மாட்டேங்கறான். இங்க இளநீர்க் கடையில கூட போன்ல ஸ்கேன் பண்ணித்தான் காசு. வெளிநாட்டு பேங்க் அட்டையை நீட்டினா இளநீர்க்காரர் என்ன பண்ணுவார் பாவம். பத்து, இருபது, அம்பது ரூபாய் நோட்டா ஒரு கட்டு கையில இருக்கணும்.

இந்த வருஷம் எழுதப் போற நண்பர்களே, ஆட்டோக்காரரைத் திட்டற பத்தியை எடுத்துட்டு அந்த இடத்துல மேல சொன்ன நாலு தேதியைப் போடுங்க. கீரை வடை இருந்துட்டுப் போகட்டும்.

டிஸ்கி: இ-விசாவுக்கு அரசாங்கத்தோட தளம் ஒண்ணுதான். அதே மாதிரி தோற்றத்துல கூடுதல் காசு பிடுங்கற தளங்கள் தேடல்ல முன்னாடி வந்து நிக்கும். விண்ணப்பத்தைக் குறைஞ்சது நாலு நாள் முன்னாடி போடணும்னு விதி. கடைசி நாள் வரைக்கும் இழுக்க வேண்டாம்.