பள்ளி எல்லை மாற்றம்: ஹோவர்ட் கவுண்டி தமிழ்ப் பெற்றோரின் நிலைப்பாடு

மேரிலாந்தின் இந்தக் கவுண்டியில் வீடு தேடியபோது, சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே முகவரியை இணையத்தில் தட்டி, அது எந்த ஹைஸ்கூலுக்குப் போகும் என்று பார்த்தவர்கள்தான் நாங்கள். பள்ளிக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால் வீட்டு விலை எப்படி ஏறும் என்பதும் அனுபவத்தில் தெரியும். எனவே எல்லையை மாற்றப் போகிறார்கள் என்றதும் வயிற்றைக் கலக்குவது ஏன் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது தெரிந்தே சொல்கிறோம்: கல்வி வாரியம் அடுத்த முறை எல்லைகளைத் திருத்தும்போது, நெரிசலோடு குடும்பங்களின் பொருளாதார நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2019-இல் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அன்றைய கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ ஏறத்தாழ 7,400 மாணவர்களைப் பள்ளி மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். சில பள்ளிகளில் இடம் போதாமல் மைதானத்தோரம் போர்ட்டபிள் வகுப்பறைகள்; ரிவர் ஹில் ஹைஸ்கூலிலோ காலி இருக்கைகள். இலவச, சலுகை விலை மதிய உணவு பெறும் பிள்ளைகளும் ஒருசில பள்ளிகளிலேயே குவிந்திருந்தார்கள். ‘நாகரிகத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்று காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் ஊரில், வாரியத்துக்கு வந்த சில கடிதங்களில் ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பற்றி எழுதியதில் நாகரிகம் இல்லை. எதிர்ப்பு அட்டை பிடித்தவர்களில் ஆசியக் குடும்பங்கள் நிறைய; எங்கள் உறுப்பினர்களும் நின்றார்கள். இறுதியில் நவம்பரில் வாரியம் ஏறத்தாழ 5,400 மாணவர்களை மாற்ற முடிவெடுத்தது.

“இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமே” என்பதுதான் அன்றும் இன்றும் முதல் வாதம். வீட்டுப் பத்திரத்தில் பள்ளியின் பெயர் எழுதப்படுவதில்லை. எல்லையை வரையும் அதிகாரம் வாரியத்துடையது. அதன் 6010-ஆம் கொள்கையே இடவசதி, சமூகத்தின் நிலைத்தன்மை, மாணவர்களின் சமூகப் பின்னணி என மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. மேலும், மேரிலாந்தில் ஒரு கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி நிர்வாகம். வேறு பல மாநிலங்களில் பக்கத்துப் புறநகர் தனி நிர்வாகம், தனி வரிப்பணம். டெட்ராய்ட் பள்ளிகளின் இனப் பிரிவினை வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம், நிர்வாகங்களுக்கு இடையிலான அந்தச் சுவரைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்கப் புறநகர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. நமக்கு அந்தச் சுவர் இல்லை. நம் கவுண்டியின் கொலம்பியா நகரம் வில்லேஜ் எனப்படும் பகுதிகளால் ஆனது: வைல்ட் லேக் முதல் வில்லேஜ், ரிவர் ஹில் கடைசி வில்லேஜ். எல்லா வருமானக்காரர்களும் கலந்து வாழ வேண்டும் என்று ஜேம்ஸ் ரௌஸ் 1967-இல் தொடங்கிய நகரத்துக்குள் நாமே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டால் அதற்கு எந்த நீதிமன்றத்தையும் காரணம் சொல்ல முடியாது.

தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் அடுத்தது. நாம் பார்த்து வாங்கிய அந்த மதிப்பெண்கள் ஆசிரியரின் திறமையைவிடப் பெற்றோரின் வருமானத்தையே அதிகம் காட்டுகின்றன. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வாரியத்துக்கு வெற்றுக் காசோலை தரவில்லை. கோடு நகரும்போதெல்லாம் ஒரே பாலிகனில் (எல்லை வரையப் பயன்படும் சிறு பகுதியில்) இருப்பவர்களைத் தூக்கிப் போடக் கூடாது. மாலை ஏழு மணிக்கு வாரியம் நடத்தும் பொது விசாரணைக்கு வர முடியாத, வழக்கறிஞர் வைக்க முடியாத அடுக்குமாடிக் குடும்பங்கள்தான் இதில் எளிதாக அகப்படும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே முடிக்கட்டும். பேருந்து முக்கியம்: 2023-இல் பள்ளி திறந்த வாரத்தில் பேருந்து வராமல் சாலையோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தோம். தூரமான பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் நேரத்துக்கு வண்டி வரும் என்ற உறுதியை முதலில் தாருங்கள். அதே ஆண்டு கில்ஃபோர்ட் பார்க் ஹைஸ்கூல் திறந்தது நல்லதுதான். ஆனால் புதுப் பள்ளிக்கும் யாரோ ஒரு கோடு போட்டாக வேண்டும், கட்டடம் மட்டும் இந்தக் கேள்வியைத் தீர்க்காது.

விசாரணைக்குப் போகும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேருந்து நேரத்தைப் பற்றிப் பேசுங்கள், நெரிசலைப் பற்றிப் பேசுங்கள், எங்கள் நிலைப்பாட்டோடு உடன்பாடு இல்லையென்றால் அதையும் பேசுங்கள். “அந்தப் பள்ளிப் பிள்ளைகள்” என்று தொடங்கும் வாக்கியம் மட்டும் எங்கள் அமைப்பின் பெயரில் வேண்டாம்.