மண் எடுக்க அனுமதி வேண்டும், மண்ணைத் தள்ள வேண்டாமா?

கண்மாயிலிருந்து ஒரு டிராக்டர் வண்டல் அள்ள, விவசாயியும் மண்பாண்டத் தொழிலாளியும் தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை கன மீட்டர் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அதே கண்மாய்க்குள் மழையோடு மழையாக நூறு டிராக்டர் மண்ணைத் தள்ளிவிடும் மனை வியாபாரியை யார் கேள்வி கேட்கிறார்கள்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சாலையோரப் புஞ்சைகள் ஒவ்வொன்றாக 'நகர்' ஆகின்றன. கோடையில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வரப்பை உடைத்து, ஓடையைத் தூர்த்து, நிலத்தைச் சமப்படுத்திக் கல் ஊன்றுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், பிடிமானம் இழந்த கரிசல் கரைந்து வரத்துக்காலில் இறங்குகிறது. நுண்ணிய களிமண் ஓடும் நீரில் படியாது. நீர் தேங்கும் கண்மாயிலும் ஊருணியிலும்தான் படியும். கண்மாய் மேடாகிறது. கொஞ்ச மழைக்கே கலுங்கு பாய்கிறது, தை மாதத்திலேயே தரை தெரிகிறது.

"மண் அரிப்பில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் ஊரின் வரைபடத்தைப் பார்க்கட்டும். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. கண்மாய் சீக்கிரம் நிரம்பி வழிந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது எங்கள் தெருவில். சீக்கிரம் வற்றினால் முதலில் காய்வது கடைமடையில் எங்களுக்கு இருக்கும் துண்டு நிலம். பிறகு நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு கண்மாய்க்குள் இறங்கித் தூர் அள்ளுவதும் எங்கள் பெண்கள்தான். லாபம் ஒருவருக்கு, தூர் இன்னொருவருக்கு.

இது புதிதல்ல. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாயம் வந்தால் உழைக்கும் வர்க்கத்து ஆண்களை வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்தது. அந்த 'உழைக்கும் வர்க்கம்' ஊரில் எந்தத் தெருவில் இருந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரையைக் காக்க யாருடைய உடம்பு வேண்டும் என்று சட்டத்துக்கு அன்றே தெரிந்திருந்தது. கரைக்குள் மண் தள்ளுபவனை மட்டும் இன்றுவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாலை அகலம் கேட்கின்றன, பெரிய மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளி கேட்கின்றன, கட்டடத்துக்கு மழைநீர் சேகரிப்பு கேட்கின்றன. நிலத்தைக் கிளறிப் போட்டிருக்கும் மாதங்களில் அந்த மண் எங்கே போகும் என்று எங்கள் பக்கம் எந்த அதிகாரியும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது நடக்காத காரியமா? சிங்கப்பூரில் கட்டுமான இடத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் ஒரு லிட்டர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு, மழைநீரோடு மண் வெளியேறாமல் தடுக்கும் திட்டத்துடன் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் அந்த மண் தடுப்பு வேலிகளைக் கட்டுவோரில் நம் ஊர்ப் பையன்களும் உண்டு. அயல்நாட்டு வடிகாலுக்குக் கிடைக்கும் மரியாதை சொந்த ஊர்க் கண்மாய்க்கு ஏன் இல்லை?

கோரிக்கை எளிது. ஒரு ஏக்கருக்கு மேல் நிலத்தைச் சமப்படுத்தினால் மண் காப்புத் திட்டம் கட்டாயம். ஐப்பசி முதல் மார்கழி வரை புல்டோசர் கூடாது. மனையின் தாழ்ந்த ஓரத்தில் மண் தேங்கும் குழியும் புல் பட்டையும் வேண்டும். முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கி, கண்மாயில் மண் இறங்கினால் அதிலிருந்து தூர் வார வேண்டும். கண்காணிக்கும் குழுவில் பள்ளத்துத் தெருக்காரர்கள் பாதிப்பேர் இருக்க வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. உறுதிமொழி எடுத்துக் கலைவதற்கா அந்தக் கூட்டம்? இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதிக் கொண்டு போங்கள். பதிவேட்டில் ஏற்றும்வரை எழுந்து வராதீர்கள்.