வீக்கம் எல்லாம் ஒன்றல்ல

கால் வீங்கியிருந்தால் போதும், பார்ப்பவர்கள் எல்லாரும் வைத்தியராகிவிடுகிறார்கள். "நல்லெண்ணெய் தடவி நல்லா நீவிவிடுங்க" என்பார் ஒருவர். "நீர் பிரிய மாத்திரை போடுங்க" என்பார் இன்னொருவர். மாலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் காரணம் தெரியட்டும், பிறகு கை வையுங்கள்.

இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறதா? இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கிறதா? ரத்தக்கட்டாக இருக்கலாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். இப்படி இருக்கும்போது நீவுவதும் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

யானைக்கால் வீக்கமும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின் வரும் கைவீக்கமும் வேறு வகை. நிணநீர் வடியாமல் தேங்குவதால் வருபவை இவை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் மெல்ல வருடிவிடுவதும், அழுத்தக் கட்டும், உடற்பயிற்சியும் இங்கேதான் பலன் தரும். நீர் மாத்திரை இதைத் தீர்க்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைப்பதும் சிகிச்சைதான்.

"வயசானா வீங்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். தோல் தடித்து இறுகிவிட்டால் வீக்கம் அவ்வளவு சுலபமாக வடியாது.