‘பொறுத்துப் பார்ப்பம்’ எண்டு சொல்லாதேங்கோ

ஒன்பது மாதமாகியும் பிள்ளை இருக்கவில்லை என்றால் எங்கட ஊரில முதலில வாற பதில், “பொறுத்துப் பார்ப்பம்.” கொஞ்சம் பிந்தினால், “பொடியங்கள் அப்பிடித்தான், அவன்ரை கொப்பரும் மூண்டு வயசிலதான் நடந்தவர்.” அதுக்கும் பிந்தினால் நூல் கட்டு, நேத்தி, சாதகம். இதையெல்லாம் ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில சொல்லுறேல்லை. ஆனால் பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளையிட்ட இருந்து, திருப்பிக் குடுக்க ஏலாத ஒரு சாமானை இந்த ஆறுதல் பறிக்குது. அது காலம்.

பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி, பாவமுமில்லை, தொற்றுமில்லை. வளர்ந்துகொண்டிருக்கிற மூளைக்குப் பிறக்க முதலோ, பிறக்கேக்கையோ, பிறந்த கொஞ்சக் காலத்திலயோ ஏற்படுற சேதம். குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில ஒட்சிசன் குறையிறது, கடுமையான செங்கமாரி, மூளைக்காய்ச்சல் எல்லாம் காரணமாகலாம். பல பிள்ளைகளில காரணம் தெரியவாறதே இல்லை. மூளையில ஏற்பட்ட சேதம் நாளுக்கு நாள் கூடாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகும், இடுப்பு மூட்டு விலகும். இதுகள் விதி இல்லை, விட்டதால வாறதுகள்.

2002 இல் கனடாவின் ஒன்ராறியோவில பீற்றர் ரோசன்பாம் குழுவினர் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிச்சு, அசைவுத்திறன் எப்படி வளருது என்று வரைபடம் போட்டினம். பாதிப்புக் குறைந்த பிள்ளைகள், தாங்கள் எட்டக்கூடிய பெரும் அசைவுத்திறனில 90 வீதத்தை ஐந்து வயசுக்குக் கிட்ட எட்டிவிடுகினம். பாதிப்புக் கூடின பிள்ளைகளுக்கு அது மூன்று வயசுக்கு முதலே முடியுது. ஐந்துக்குப் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது என்று இதுக்கு அர்த்தமில்லை. ஆனால் அடித்தளம் போடுற காலம் எது என்பதில சந்தேகமில்லை. 2017 இல் அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையில வந்த வழிகாட்டல், ஆபத்து அறிகுறி உள்ள குழந்தைகளில ஆறு மாதத்துக்கு முதலே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது. கெட்டிக்கார மூளை தன்னை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிற அதே மாதங்களிலதான் நாங்கள் “பொறுத்துப் பார்ப்பம்” என்று குந்தியிருக்கிறம்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. பிறகு என்ன? மாதம் ஒருக்கா கிளினிக். பஸ் ஏறி, வரிசையில நின்று, காலை இழுத்து நீட்டி மடக்கிப்போட்டு வீட்டுக்கு வாறது. இயன்மருத்துவர்களை நாங்கள் குறை சொல்லேல்லை. ஒரு ஆள் முன்னால இத்தனை பிள்ளைகள் என்றால் அவையளும் என்ன செய்யிறது? ஆனால் ஆய்வுகள் சொல்லுறது வேற. பிள்ளையைப் படுக்க வைத்து மற்றவர் அசைக்கிறதால மட்டும் பெரிய பலன் இல்லை. பிள்ளை தானே அசையவேணும், தனக்கு வேணுமெண்ட ஒன்றுக்காக அசையவேணும், அதைத் திரும்பத் திரும்பச் செய்யவேணும். பணிஸைப் பிடித்துச் சாப்பிடுறது, பந்தை எடுக்கிறது, அம்மம்மாவிட்ட தவழ்ந்து போறது, இதெல்லாம்தான் பயிற்சி.

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் டோப் வளர்த்தெடுத்த முறை இதுக்கு நல்ல உதாரணம். ஒரு பக்கம் பலவீனமான பிள்ளையின்ர நல்ல கையைக் கொஞ்சக் காலம் கட்டிவிட்டு, மற்றக் கையை விளையாட்டிலயே வேலை செய்ய வைக்கிறது. 2004 இல் அவரும் ஷரன் ரேமியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில 18 பிள்ளைகள். சிகிச்சை பெற்றவைக்கு ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், 21 நாள் தொடர்ச்சியாக. மற்றவைக்கு வழமையான சிகிச்சை. பயிற்சி பெற்ற பிள்ளைகள் அந்தக் கையை வடிவாகப் பாவிக்கத் தொடங்கிச்சினம். ரெண்டு கையையும் சேர்த்துப் பழக்குற முறைகளிலயும் பலன் உண்டு என்று பிறகு தெரியவந்தது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 2020 இல் வந்த ஒரு மீளாய்வின்படி, கையால செய்கிற ஒரு குறிப்பிட்ட செயலில முன்னேற 14 முதல் 25 மணித்தியாலப் பயிற்சி தேவை. வீட்டில செய்யிறதும் இதுக்குள்ள சேரும். மாதம் ஒருக்கா அரை மணித்தியாலம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கோ. 14 மணித்தியாலம் சேர 28 மாதம். 25 சேர 50 மாதம், அதாவது நாலு வருஷத்துக்கும் மேல. ஒரு கரண்டி பிடிக்கப் பழக நாலு வருஷம்! இதுக்குப் பேர் சிகிச்சையா?

இந்த இடைவெளிக்குள்ளதான் வியாபாரிகள் பூந்து விளையாடுகினம். சென்னைக்குப் போனால் ‘ஸ்டெம் செல்’, இன்னொரு இடத்தில ஒட்சிசன் அறை. வெளிநாட்டில இருக்கிற மாமா காசு அனுப்புவார், தாய் சங்கிலியை அடகு வைப்பா. ஒட்சிசன் அறை பற்றி 2001 இலேயே ‘லான்செற்’ இதழில கனடிய ஆய்வு ஒன்று வந்தது. 111 பிள்ளைகள். அழுத்த ஒட்சிசன் பெற்றவையும், லேசாக அழுத்தம் கூட்டின சாதாரண காற்றுப் பெற்றவையும் ஒரே அளவுதான் முன்னேறிச்சினம். ஸ்டெம் செல் இன்னும் ஆய்வு மட்டத்தில நிற்கிற விஷயம், கடையில விற்கிற மருந்தில்லை. ‘தீவிர பயிற்சி’ என்றால் விலை கூடின உடுப்பும் மெஷினும் என்று ஆராவது சொன்னால் நம்பாதேங்கோ. தீவிரம் என்பது மணித்தியாலக் கணக்கு, காசுக் கணக்கில்லை.

“அப்ப தாய் வீட்டில செய்யட்டும்” என்று உடனே ஒரு குரல் வரும். இதையும் நாங்கள் ஏற்கமாட்டம். சமைத்து, மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கூலிக்கும் போய்வாற ஒரு மனிசியிட்ட ஒரு தாளைக் குடுத்து “இதுகளைச் செய்யுங்கோ” என்று அனுப்பினால், பிள்ளை முன்னேறாத அண்டைக்குப் பழி முழுக்க அவவின்ர தலையில. வீட்டுப் பயிற்சி வேலை செய்யும், உண்மை. ஆனால் பழக்குற ஆள் வீட்டுக்கு வரவேணும், தாயோட சேர்ந்து இலக்கைத் தீர்மானிக்கவேணும், திரும்ப வந்து பார்க்கவேணும். தகப்பன்மாருக்கும் கை கால் இருக்குத்தானே?

இது கனவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் தொடங்கியது. அங்க உள்ளூர் ஆக்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளராகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகினம். சிகிச்சை நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால நின்று வழிகாட்டுகினம். எங்களிட்டயும் எலும்புக்கூடு தயாராகவே இருக்கு. குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே ஒவ்வொரு பிறந்த குழந்தையின்ர வீட்டுக்கும் போறா. பிள்ளையின்ர வளர்ச்சிப் பதிவேடு ஒவ்வொரு தாயின்ர கையிலயும் இருக்கு. மருத்துவபீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதியில, எங்கட கலைப்பீடத்தில இருந்து சைக்கிள் தூரத்தில இருக்கு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996 இலேயே வந்திட்டுது. ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியாச்சு. இல்லாதது கேட்கிற வாய்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது: “பிள்ளையைத் ‘திருத்த’ வேணுமெண்டு ஏன் நிக்கிறியள்? அவனை அவனாகவே ஏற்கக் கூடாதோ?” நாங்கள் நடக்கிறதைக் கும்பிடேல்லை. சில பிள்ளைகள் நடக்கமாட்டினம். அவைக்குச் சின்ன வயசிலேயே நல்ல சக்கர நாற்காலி தேவை. அதைத் தோல்வியாகப் பார்க்கிற கண்ணைத்தான் திருத்தவேணும். பிள்ளையின்ர நாள் முழுக்கப் பயிற்சியாகவும் கூடாது, அழுதழுது செய்யிற பயிற்சியாகவும் கூடாது. ஆனால் ‘ஏற்றுக்கொள்ளுறம்’ என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் விடுறது ஏற்பு இல்லை, கைவிடல்.

எங்கட கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலயும் வீட்டுக்கு வாற, தமிழில கதைக்கிற, சம்பளம் பெறுற மறுவாழ்வுப் பணியாளர்கள் வேணும். குறைமாதத்தில பிறந்த, பிரசவத்தில கஷ்டப்பட்ட பிள்ளைகளை முதல் வருஷம் முழுக்க விசேடமாகக் கண்காணிக்க வேணும். கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் மண்டபத்துக்கும் காசு அனுப்புற எங்கட புலம்பெயர் சொந்தங்கள், ஒரு பணியாளரின்ர ஒரு வருஷச் சம்பளத்தைப் பற்றியும் யோசிக்க வேணும்.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. உங்கட அக்காவின்ரயோ பக்கத்து வீட்டு அன்ரியின்ரயோ குழந்தை நாலு மாதம் கடந்தும் கையைப் பொத்திக்கொண்டே இருந்தால், ஒன்பது மாதத்தில பிடிக்காமல் இருக்க ஏலாமல் இருந்தால், ஒரு வயசுக்கு முதல் ஒரு கையை மட்டுமே பாவித்தால், கால் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னினால், அது பெருமூளை வாதமாகத்தான் இருக்கவேணும் என்றில்லை. ஆனால் அந்தக் கிழமையே டொக்டரிட்டக் காட்டவேணும். “பொறுத்துப் பார்ப்பம்” எண்டு ஆராவது சொன்னால், மரியாதையாக மறுத்துக் கதையுங்கோ. ஓட்டோவுக்குக் காசில்லை எண்டால் நீங்களே ஏத்திக்கொண்டு போங்கோ.