‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்பாதீர்கள்



எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. ஈ.ஈ.ஜி. பார்த்தாகிவிட்டது. ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டைப்பை நிறைய இருக்கின்றன. “எல்லாம் நார்மல்மா, ஒண்ணுமில்ல” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் சோதனைக்கு வந்த பெண்ணால் இடது காலை ஊன்ற முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு வருகிறது. ‘நடிக்கிறா’ என்பார் ஒருவர். ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’ என்பார் இன்னொருவர். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, சரியாயிடும்’ என்பவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இது நடிப்பல்ல, நோய். செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்பது பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்.என்.டி. என்பார்கள். கை கால் பலமிழப்பது, நடுக்கம், வலிப்பைப் போன்ற வெட்டல், பேச்சு அடைத்துப்போவது எல்லாம் இதில் வரும். கட்டியோ காயமோ இருக்காது. மூளை உடம்புக்கு இடும் கட்டளையும், உடம்பிலிருந்து வாங்கும் சேதியும் தடுமாறிப்போகின்றன. வீணை உடையவில்லை, சுருதி கலைந்திருக்கிறது. ஸ்கேன் படம் பிடிப்பது வீணையை மட்டும்தான். அபூர்வமான நோய் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் நரம்பியல் புறநோயாளிகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வில், தலைவலிக்கு அடுத்தபடியாக இந்த வகைத் தொந்தரவுகளோடு வந்தவர்களே அதிகம்.

ஒரு காலத்தில் இதை ‘ஹிஸ்டீரியா’ என்றார்கள். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை நரம்பியல் நோயாகவே ஆராய்ந்தார். 1885இல் அவரிடம் பயில வந்த ஃப்ராய்ட், பிறகு இதை மனதுக்குள் அமுங்கிய துயரத்தின் வேலை என்றார். அதன்பின் நரம்பு டாக்டர் மனநல டாக்டரைக் கைகாட்ட, மனநல டாக்டர் நரம்பு டாக்டரைக் கைகாட்ட, நோயாளி நடுவில் நின்றார். ‘மன அழுத்தம் காரணமாக இருந்தே தீர வேண்டும்’ என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் கைவிட்டது. மனக்காயம் பலருக்கு இருக்கலாம். எல்லோருக்கும் இருப்பதில்லை. ‘சொல்லு, என்ன கவலை?’ என்று துருவித் துருவிக் கேட்பதும் ஒருவித வதைதான்.

அப்படியானால் எதை வைத்து உறுதிசெய்வது? உடம்பே அடையாளம் காட்டும். படுத்திருப்பவரிடம், பலமில்லாத காலின் குதிகாலை மெத்தையில் அழுத்தச் சொல்கிறார் மருத்துவர். முடிவதில்லை. அடுத்து, நல்ல காலைத் தூக்கச் சொல்லி, அதைக் கையால் தடுக்கிறார். இப்போது பலமில்லாத காலின் குதிகால் தானாகவே கீழே அழுந்துகிறது. அடியில் வைத்திருக்கும் கைக்கு அந்தப் பலம் தெரிகிறது. சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் எழுதிய சோதனை இது. பாசாங்கைக் கண்டுபிடிக்கவும் உதவும் என்றுதான் அவர் எழுதினார். இன்று எடின்பரோவின் ஜான் ஸ்டோன் போன்ற நரம்பியல் மருத்துவர்கள் அதையே நோயாளிக்குக் காட்டி, பாதை அறுந்துபோகவில்லை, கால் திரும்பவும் பழகும் என்று விளக்குகிறார்கள். சிகிச்சை அந்த விளக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊர் அவசரப் பிரிவுகள் சிலவற்றில் இன்னும் கிள்ளிப் பார்ப்பதும், மூக்கில் அம்மோனியா காட்டுவதும் நடக்கிறது. அதில் வைத்தியம் துளியும் இல்லை, அவமானம்தான் மிச்சம்.

வலிப்பு மாதிரி வெட்டல் வருபவர்கள் பாடு இன்னும் மோசம். 2002இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், சரியான நோய்ப்பெயர் தெரிய சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. காக்காய் வலிப்பு மாத்திரை இதை நிறுத்தாது. ஆனால் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீடியோவோடு சேர்த்து எடுக்கும் ஈ.ஈ.ஜி.தான் பிரித்துக் காட்டும்.

கவனத்தைத் திருப்பி நடையைப் பழக்கும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மனநலச் சிகிச்சை என்று வழிகள் உண்டு. மந்திரம்போல் எதுவும் நடக்காது. இப்படி வெட்டல் வரும் 368 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து, 2020இல் முடிவு வெளியான ஆய்வில், மனநலச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வெட்டலின் எண்ணிக்கை மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. வேலைக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் முடிகிறது என்றால் அதுவும் குணம்தான் என்பது என் கட்சி.

வீட்டில் யாருக்காவது வெட்டல் வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருங்கள். முதல் முறை என்றாலோ ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதுகூட நரம்பியல் மருத்துவருக்கு உதவும். அவரிடம் மட்டும் காட்டுங்கள், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்