தொப்பிச் சின்னம் கற்பித்த பாடம்

சென்ற திங்கள் நம் சங்க அன்பர் ஒருவர், தம் பாட்டனாரின் பெட்டியில் கிடந்த ஆங்கிலப் படைச் சின்னம் ஒன்றைக் கொணர்ந்து, "இது மெய்யானதுதானா?" என வினவினார். இத்துறையில் நாம் கற்றது கைப்பொருள் இழந்து கற்றதே. அதனையே இம்மாதம் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரிப் படையின் தொப்பிச் சின்னம் ஒன்றைக் கண்டோம். அதன் அடியில் ஒரு யானை. மேலே 'அசாயே' என்னும் சொல். 1803இல் நிகழ்ந்த அசாயேப் போரின் நினைவுச் சிறப்பு அது. அப்போரில் சென்னைப் படையினரும் பொருதனர். இன்றைய மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்திலும் அந்த யானை உண்டு. நம் மனம் நெகிழ்ந்தது. "விக்டோரியா அரசியார் காலத்தது" என்றார் விற்றவர். பொங்கலுக்குப் புடவை எடுக்க வைத்திருந்த இரண்டாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தோம்.

வீட்டில் நோக்கிய பின்னரே அறிவு தெளிந்தது. முதலாவது, முடி. 1901 முதல் 1952 வரை மன்னர் காலச் சின்னங்களில் முடியின் வளைவுகள் குவிந்திருக்கும்; எலிசபெத் அரசியார் காலத்து முடியில் நடுவே தாழ்ந்திருக்கும். நாம் வாங்கியதில் இருந்தது மன்னர் முடி. விக்டோரியாவோ 1901இலேயே மறைந்தார்! 2022இல் அரசேறிய மூன்றாம் சார்ல்ஸும் குவிந்த முடியையே கொண்டமையால், முடி ஒன்றையே நம்பலாகாது.

இரண்டாவது, பின்புறம். படைவீரர் சின்னங்கள் பெரும்பாலும் தகட்டில் அச்சடித்தவை; முன்புற மேடு பின்புறம் பள்ளமாகத் தெரியும். நம்முடையதோ பின்புறம் தட்டை. மேனியெங்கும் ஊசிமுனைக் குழிகள். யானையின் கண் மழுங்கியிருந்தது. வார்ப்பெனத் தெளிந்தோம். எனினும் வார்ப்பெல்லாம் போலியல்ல. இந்தியாவில் தங்கிய படைகளுக்கு உள்ளூர்க் கைவினைஞர் வார்த்தனவும் உண்டு. பழைய அச்சிலேயே பிற்காலத்தில் அடித்தவையோ முகத்தால் ஏமாற்றும். ஆதலின் பின்புறத்து வளையம், செருகு நாக்கு, தேய்மானம் யாவும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

கழுத்துப்பட்டைச் சின்னங்களை வாங்குவோர் மற்றொன்றும் நோக்குக. விலங்குருவங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இரண்டும் ஒரே திசை நோக்கினால் அவை இணையல்ல.

பின்னர் ஒருவர் நம் சின்னத்தை அதே விலைக்குக் கேட்டார். ஒரு கணம் சபலம் எழுந்தது. ஆனால் நாம் அழுத இடத்தில் மற்றொருவரை அழச் செய்யலாமா? பின்புறத்தில் 'போலி' என்று கீறி, உரைகல்லாக வைத்துக்கொண்டோம்.

அன்பரின் சின்னத்தில் புலியும், 'ஹிந்துஸ்தான்', 'ராயல் லெஸ்டர்ஷயர்' என்னும் சொற்களும் இருந்தன. சோதித்த அளவில் மெய்யானதாகவே தோன்றியது. பாட்டனார் 1914ஆம் ஆண்டுப் போரில் பெற்றார் என்பது அவர்கள் குடும்ப வழக்கு. அப்படைக்கு 'ராயல்' என்னும் அடைமொழி கிடைத்ததோ 1946இல்! சொல்லத் தயங்கினோம், சொல்லியே விட்டோம். சற்று வாடிய அன்பர், "அப்படியாயின் எவர் தந்தார் என அத்தையிடம் கேட்டு எழுதி வைக்கிறேன்" என்றார். பொருளைக் காப்பதினும் அதன் மெய்க்கதையைக் காப்பதே பெரிது.