தொண்டின் பெயரால்

ஆசிரியத் தொழிலைப் போற்றாதார் இந்நாட்டில் இலர். மேடையிலே மாலை; மாதமுடிவிலே கைவிரிப்பு! 'தொண்டு' என்னும் அழகிய சொல்லை முன்னே நிறுத்தி, உழைப்புக்குரிய ஊதியத்தைப் பின்னே மறைக்கும் தந்திரத்தை இனியும் நாம் பொறுக்கலாமா?

1997ஆம் ஆண்டின் பீ. சீ. பெரேரா சம்பள ஆணைக்குழுவோடு தோன்றிய சம்பள முரண்பாடு, 24 ஆண்டுகள் தீராதிருந்தது. பணியோ பெருகிக்கொண்டே போயிற்று. 2020இல் கொள்ளைநோய் பாடசாலைக் கதவுகளைச் சாத்தியபோது, நிகழ்நிலைக் கற்பித்தல் நம் தலைமேல் ஏற்றப்பட்டது. கைத்தொலைபேசி நம்முடையது, டேட்டாவுக்குக் கொடுத்த காசு நம்முடையது, கண்விழித்த இரவும் நம்முடையதே. குறிகட்டுவான் துறையிலே படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் அலைந்து நெடுந்தீவிலே கரையேறும் ஆசிரியனின் உழைப்பைப் பாடவேளை அட்டவணை அறியுமா?

2021 ஜூலை 12இல் நாடெங்கும் சிங்கள, தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினர். "ஏழைப் பிள்ளைகளைக் கைவிட்டீர்களே!" என்ற குரல் எழுந்தது. அதை நாம் அலட்சியம் செய்யோம். தனியார் வகுப்புக்குக் காசு கட்ட வல்லவனின் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கடற்றொழிலாளியின் பிள்ளைக்குப் பாடசாலையன்றி வேறு வாசல் இல்லை. அப்பிள்ளை இழந்த நாட்கள் மெய்யான இழப்பே. ஆனால், அலைவரிசை எட்டாத வீட்டிலும், ஒரே தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீட்டிலும் போராட்டத்துக்கு முன்பே பாடம் நின்றுவிட்டதே! அன்று பதறாத நெஞ்சங்கள், நாம் ஊதியம் கேட்டதும் பதறியது ஏன்?

மூன்று மாதங்களுக்கு மேல் உறுதியாக நின்றதன் பயனாக, முரண்பாட்டின் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரியில் தீர்க்கப்பட்டது. எஞ்சிய இரு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26இல் கொழும்பிலே திரண்டவர்கள் பெற்றவை கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையுமே.

நம் பிழையையும் ஒப்புக்கொள்வோம். பழைய கடனைக் கேட்டோம். புதிதாக ஏறிய சுமைக்குக் கணக்கு வைத்தோமில்லை. 'குரு' என்ற பட்டத்தில் மயங்கி, விலைபேசுவதை இழிவென எண்ணினோம். கணக்கில்லாத கோரிக்கை கெஞ்சலாகவே முடியும். ஆகவே, நிகழ்நிலைப் பாடம், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் பதிவுகள், ஓயாத படிவங்கள் என ஒவ்வொன்றும் எத்தனை மணிநேரத்தை விழுங்குகிறது என்று பாடசாலைதோறும் எழுதுவோம். தனித்தனியே அன்று, சங்கத்தின் வழியே அதைப் பேச்சுமேசையில் வைத்துக் கேட்போம்: ஊதியம் கொடு, அன்றேல் ஆள் கொடு, அன்றேல் சுமையை இறக்கு!

நம் தீவுக் கரைகளிலே மீனை நிறுத்து விற்பவன் உண்டு. அவனைப் பேராசைக்காரன் என்று எவரும் ஏசுவதுமில்லை. நமது உழைப்பும் தராசில் ஏறட்டும்!